வெறும் வயிறும் வைகறை ஓட்டமும்

எங்கள் இல்லங்களில் காலையுணவு உண்பதைக் குறிக்கப் 'பசியாறுதல்' என்னும் சொல் வழங்கி வருகிறது. 'பசியாறியாயிற்றா?' என்று ஒருவர் வினவினால் அவ்வினா காலையுணவைப் பற்றியதே. நண்பகல் உணவைப் பற்றியதன்று, இரவுணவைப் பற்றியதுமன்று. தமிழ் முஸ்லிம்களின் நாவில் இன்றும் உயிரோடு உலவும் இச்சொல்லை வகுப்பில் எடுத்துரைக்கும்போது மாணவர் சிலர் புன்முறுவல் பூப்பர். சிற்றுண்டி, பலகாரம், நாஷ்டா என்று காலையுணவுக்குப் பெயர்கள் பல உள. அவற்றுள் எதுவும் பசியைச் சுட்டவில்லை. இச்சொல் ஒன்றே சுட்டுகிறது. இரவெல்லாம் உண்ணாதிருந்த உடல் காலையில் பசியோடுதான் எழுகிறது என்பதை இச்சொல்லை வழங்கியோர் நன்கறிந்திருந்தனர் எனலாம்.

அப்பசி ஆறுமுன் ஓடலாமா, ஆறிய பின்னரே ஓட வேண்டுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று பெரியோர் கேட்கக்கூடும். சொல்லாராய்ச்சிக்கும் காப்பியத் திறனாய்வுக்கும் உரிய பக்கங்களில் இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒரு மாணவன்.

அவன் எங்கள் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயின்றவன். காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். ஆடித்தபசால் நாடறிந்த இச்சங்கரன்கோவிலில் வைகறை ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வருவோர், இராசபாளையம் சாலையிலும் திருநெல்வேலிச் சாலையிலும் இருளோடு இருளாக இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பூச்சந்தைக்குப் பூ ஏற்றிவரும் வண்டிகளின் வெளிச்சத்தில் அவர்தம் முகம் ஒரு கணம் தெரிந்து மறையும். ஒருவன் காவல்துறைக்காக ஓடுவான். மற்றொருவன் இராணுவத்திற்காக ஓடுவான். அவ்வாறு ஓடியவர்களுள் ஒருவனே இவனும். ஒருநாள் காலை மைதானத்தில் நான்காம் சுற்றை முடித்து நின்றவன், நின்ற இடத்திலேயே சரிந்தான். நான் சுபுஹுத் தொழுகை முடித்து நடைக்கு வந்தவன், அருகில் இருந்தேன். படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தோம். சிறிது நேரத்தில் கண் விழித்தான். நீர் கொடுத்த பின், "எப்பொழுது சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதுதான் ஐயா."

மாலையில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவான். இடையில் ஒரு தேநீர், இரண்டு வடை. வீட்டில் எல்லோரும் உறங்கியிருப்பர். அவர்களை எழுப்ப மனமின்றிப் படுத்துவிடுவான். "காலையிலாவது ஏதேனும் உண்ணலாமே?" என்றேன். "சாப்பிட்டு ஓடினா கால் கனக்கும்னு அண்ணன்மார் சொல்லியிருக்காங்க ஐயா" என்றான். மூத்த மாணவர் சொல்லுக்கு ஆசிரியர் சொல்லைவிட மதிப்பு அதிகம் என்பதை நானும் மாணவனாயிருந்து அறிந்தவனே. ஆயினும் அச்சொல்லில் பாதி உண்மையும் பாதி பிழையும் இருந்தன. எது உண்மை, எது பிழை என்று அறிவதற்காக நூல்களைப் புரட்டினேன். எங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரோடும் பன்முறை உரையாடினேன். அங்ஙனம் அறிந்தவற்றையே ஈண்டுத் தருகிறேன்.

ஊர்க் களஞ்சியமும் வீட்டுக் குதிரும்

நாம் உண்ணும் சோறும் இட்டலியும் செரித்துக் குளுக்கோசு என்னும் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றன. உடனடித் தேவைக்குப் போக மிஞ்சியதை உடல் வீணாக்குவதில்லை. 'கிளைக்கோசன்' என்னும் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. ஈரலில் இச்சேமிப்பு இருப்பதை 1857இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்டு ஆவார். சேமிப்புக்கு இடங்கள் இரண்டு. ஈரலில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் வரை நிற்கும். உடலெங்கும் பரந்துள்ள தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை நிற்கும்.

இவ்விரண்டுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஈரலில் உள்ளது ஊர்ப் பொதுக் களஞ்சியம் போன்றது. குருதியில் சர்க்கரை குறையும்போதெல்லாம் அது திறந்து வழங்கும். தசையில் உள்ளதோ அவரவர் வீட்டுக் குதிர். அந்தந்தத் தசைக்கு மட்டுமே பயன்படும். தன்னிடமுள்ளதைக் குருதிக்குத் திருப்பித் தருவதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை. ஆகவே காலில் எவ்வளவு சேமிப்பு இருந்தாலும் அதைக்கொண்டு மூளையின் பசியைத் தணிக்க இயலாது.

உறங்கும்போதும் மூளை ஓய்வதில்லை. ஒருநாளைக்கு ஏறத்தாழ 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம் அளவில் அது சர்க்கரையைச் செலவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு வயிறார உண்டவனை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு மணிநேரம் அவ்வுணவே போதும். நள்ளிரவுக்குப் பிறகே ஈரற் களஞ்சியம் திறக்கும். வைகறை ஐந்துக்கு அவன் எழும்போது களஞ்சியம் ஓரளவு குறைந்திருக்குமேயன்றி வற்றியிருக்காது. தசைக் குதிர்களோ அநேகமாக நிறைந்தபடியே இருக்கும். உறங்கும் கால்களுக்குச் செலவு ஏது? இத்தகையவன் எதுவும் உண்ணாமல் அரைமணி நேரம் ஓடினால் பெரும்பாலும் ஒன்றும் நேராது.

எங்கள் மாணவனின் கணக்கு வேறு. நண்பகல் ஒரு மணிக்கு உண்டவன் மறுநாள் காலை ஐந்தரைக்கு ஓடுகிறான். பதினாறு மணிநேரத்திற்கு மேலாகிறது. இடையில் தறிக்கூடத்தில் ஐந்து மணிநேரம் நின்றிருக்கிறான். வடை இரண்டும் தேநீர்ச் சர்க்கரையும் எவ்வளவு தாங்கும்? அவன் ஓடத் தொடங்கும்போதே களஞ்சியம் அடிமட்டத்தை எட்டியிருக்கும். ஆகவே வெறும் வயிறு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு வேறு நிலைகள். இரவுணவு உண்டவனின் வெறும் வயிறு ஒன்று. உண்ணாதவனின் வெறும் வயிறு மற்றொன்று. 'உண்ணாமல் ஓடலாமா?' என்னும் வினாவுக்கு மருத்துவ நூல்களில் முரண்பட்ட விடைகள் இருப்பதாகத் தோன்றுவதற்கு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நேற்றைய உணவே இன்றைய ஓட்டத்தைத் தாங்குகிறது என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் சுவையானதொரு சோதனையால் மெய்ப்பித்தனர். பெர்க்ஸ்ட்ரோம், ஹூல்ட்மன் என்னும் அவ்விருவரும் 1966இல் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினர். ஒரே மிதிவண்டியின் இருபுறமும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒற்றைக் காலால் மட்டும், அக்கால் முற்றும் சோரும் வரை மிதித்தனர். பின்னர் மூன்று நாள் மாவுப்பொருள் நிறைந்த உணவை உண்டனர். தொடைத் தசையிலிருந்து ஊசியால் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைக்கோசன் மற்றைக் காலைவிட ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியிருந்தது. உழைத்துக் களைத்த தசை அடுத்து வரும் உணவை அவ்வளவு ஆர்வத்தோடு வாங்கிச் சேமிக்கிறது. ஓடி முடித்தவன் அன்று உண்ணாவிட்டால் அந்த ஆர்வம் வீணாகும். ஆயத்தம் செய்யும் இளைஞர் இதனைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். ஓடுமுன் உண்ணலாமா என்று கேட்போர் பலர். ஓடியபின் என்ன உண்டாய் என்று கேட்போர் சிலரே.

இதற்கும் முன்னதாக அமெரிக்காவில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் மாரத்தான் ஓட்டம் முடிந்தவுடன் மருத்துவர் சிலர் ஓட்டக்காரர்களின் குருதியைச் சோதித்தனர். தள்ளாடித் தளர்ந்து வந்தோரிடம் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, முந்தைய நாள் மாவுப்பொருள் நிறைய உண்ணுமாறும், ஓட்டத்தின் நடுவே இனிப்பு உண்ணுமாறும் அறிவுறுத்திப் பார்த்தனர். அவ்வாறு செய்தோர் சர்க்கரை குறையாமலும் நல்ல நிலையிலும் ஓட்டத்தை முடித்தனர்.

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம். தமிழ்நாட்டின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் ஓட வேண்டியதோ 1,500 மீட்டர். கால எல்லை 7 நிமிடம். 60 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு இதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ 90 கலோரி. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு இட்டலி போதும். தசைக் குதிரில் இருப்பதில் இது மிகச் சிறு பங்கு. அங்ஙனமாயின் எங்கள் மாணவன் ஏன் சரிந்தான்?

சரிவுக்குப் பசி ஒன்றே காரணமன்று என்று உடற்கல்வி இயக்குநர் விளக்கினார். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கிக் குருதியை இதயத்திற்கு மேலேற்றித் தருகின்றன. திடீரென நின்றுவிட்டால் அவ்வேற்றம் நின்று, விரிந்த குழாய்களில் குருதி கீழேயே தேங்கும், மூளைக்குச் செல்வது குறையும், கண் இருளும். ஓட்டம் முடிந்தவுடன் நில்லாது நான்கைந்து நிமிடம் நடக்கச் சொல்வது இதனாலேயே. நீர் குடியாமையும் உறக்கக் குறைவும் இதற்குத் துணைநிற்கும். பசி, தாகம், உறக்கமின்மை, திடீர் நிறுத்தம் ஆகிய நான்கும் அன்று அவனிடம் ஒருங்கே கூடியிருந்தன.

கொழுப்புக் கரையும் என்னும் நம்பிக்கை

வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு மிகுதியாகக் கரையும் என்னும் எண்ணம் இளைஞரிடையே வலுவாக வேரூன்றியுள்ளது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. உண்ணாமல் ஓடும் அந்நேரத்தில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கிறது. ஆனால் நாளின் எஞ்சிய பொழுதில் அக்கணக்கு நேர்செய்யப்பட்டு விடுகிறது. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் இளம் பெண்கள் இருபதின்மரை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு உண்ணுமுன்னும், மற்றொரு குழு உண்டபின்னும் வாரம் மூன்று நாள் ஒரு மணிநேரம் பயிற்சி செய்தது. இரு குழுவுக்கும் உணவளவு ஒன்றே. நான்கு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது இரு குழுவினரும் இளைத்திருந்தனர். அவர்தம் இளைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆயினும் பட்டினியால் தனிப்பயன் ஏதும் விளையவில்லை என்பது அதிற் புலனாகிறது.

இனி, 'உண்டு ஓடினால் கால் கனக்கும்' என்னும் மூத்த மாணவர் சொல்லுக்கு வருவோம். இதில்தான் உண்மை உள்ளது. வயிறு நிறைய உண்டால் செரிமானத்திற்காகக் குருதி குடலை நாடும். ஓடினால் காலை நாடும். இரண்டு பக்கமும் இழுபறி ஏற்பட்டு விலாவில் பிடிப்பும் குமட்டலும் தோன்றும். முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்க என்பதே திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வலியுறுத்தும் கருத்து என்பதை மாணவர் அறிவர். முழு உணவு செரித்து இறங்க மூன்று நான்கு மணிநேரம் ஆகும். எண்ணெயும் இறைச்சியும் மிகுந்தால் இன்னும் நேரமாகும். எங்கள் ஊர்ப் பிரியாணிக்கு நாடெங்கும் புகழ் உண்டு. அதனை ஓட்டத்திற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் உண்டுவிட்டு வைகறையில் ஓட முயன்றவர்களின் அனுபவம் புகழத்தக்கதாக இருந்ததில்லை.

எனவே அளவே இங்கு முதன்மை. ஒரு மணிநேரத்திற்கு மேற்பட்ட கடும் பயிற்சிக்கு முன், உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 4 கிராம் வரை மாவுப்பொருளை, ஒன்று முதல் நான்கு மணிநேரம் முன்னதாக உண்ணலாம் என்பது விளையாட்டு மருத்துவர் பலர் ஒப்பும் அளவு. நேரம் நெருங்க நெருங்க அளவைக் குறைக்க வேண்டும். அரைமணி நேர ஓட்டத்திற்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு வாழைப்பழமோ, இரண்டு இட்டலியோ, நான்கைந்து பேரீச்சம்பழமோ போதும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் மாவுப்பொருள் தரும். கூடவே ஒரு குவளை நீர்.

நம் முன்னோர் இதனை நூல் கற்று அறிந்தாரல்லர். உழவுக்குச் செல்வோர் நீராகாரம் அருந்திச் சென்றனர். முந்தைய இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் உப்பிட்டு, சின்ன வெங்காயத்தோடு அருந்தினர். நீரும் உப்பும் மாவுப்பொருளும் ஒரே கலயத்தில் கிடைத்தன, வயிறும் கனக்கவில்லை. வயலை நோக்கி வியர்வை சிந்த நடப்பவனுக்கு இதனினும் ஏற்ற முன்னுணவு எதுவென்று எனக்குத் தெரியவில்லை. இரவோடிரவாகப் பழைய சோற்றில் இரும்புச்சத்து பன்மடங்கு பெருகிவிடும் என்று அவ்வப்போது ஏடுகளில் வருவதை நான் அப்படியே ஏற்பதில்லை. அரிசியில் இல்லாத இரும்பு நீரில் எங்கிருந்து வரும்? இருப்பதை உடல் எளிதில் ஏற்கும் நிலைக்குப் புளிப்பு கொண்டுவரும் என்பது வரையில் சரி.

நெசவாளர் இல்லங்களில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 1980களின் பிற்பகுதியில் நான் சிறுவனாயிருந்தபோது, வாப்பா சுபுஹு தொழுதுவிட்டு நேரே தெருவுக்கு வருவார்கள். தெரு நீளத்திற்குப் பாவு நீட்டியிருக்கும். வெயில் ஏறுமுன் நூலுக்குக் கஞ்சி ஏற்றியாக வேண்டும். ஏறிவிட்டால் கஞ்சி சடுதியில் உலர்ந்து இழை ஒட்டிக்கொள்ளும். நீண்ட தூரிகையைப் பிடித்து இரண்டு மணிநேரம் அங்குமிங்கும் நடப்பது எளிய உழைப்பன்று. வாப்பாவின் வயிற்றில் அப்பொழுது கருப்பட்டிக் காப்பி ஒன்றே இருக்கும். பாவு கஞ்சி குடித்த பிறகே நெய்பவர் கஞ்சி குடிப்பார். எட்டரை மணிக்கு மேல் உம்மா வாசலில் வந்து நின்று "பசியாற வாங்க" என்று அழைப்பார்கள். அவ்வழைப்பு தெருவில் வீட்டுக்கு வீடு கேட்கும். வாப்பா மயங்கி விழுந்ததில்லை. காரணம் இப்பொழுது விளங்குகிறது: எவ்வளவு வறுமையிலும் இஷாவுக்குப் பின் இரவுச்சோறு எங்கள் வீட்டில் தவறியதில்லை.

ஜார்க்கண்டில் நடந்தது

2024 ஆகஸ்டு மாதம் ஜார்க்கண்டு மாநிலத்தில் கலால் துறைக் காவலர் பணிக்கு உடற்திறன் தேர்வு நடந்தது. ஆண்கள் 60 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். பல்லாயிரவர் திரண்டனர். செப்டம்பர் தொடக்கத்திற்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஓடிச் சரிந்து உயிரிழந்தனர். எவர்க்கும் வீட்டில் கனவு ஒன்று காத்திருந்திருக்கும்.

அவர்தம் இறப்புக்கு வெறும் வயிறே காரணம் என்று கூறுதல் அறியாமையாகும். வெப்பமும் ஈரக்காற்றும், நெடுநேரக் காத்திருப்பும், முன்பயிற்சி இன்மையும், அறியப்படாத இதயக் குறைகளும் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆயினும் அன்றைய முதல்வர் ஹேமந்த் சோரன் தேர்வை இடைநிறுத்தி அறிவித்த மாற்றங்களுள் இரண்டு நம் கவனத்திற்குரியவை. காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்பது ஒன்று. தேர்வுக் களத்தில் இளைஞர்களுக்குச் சிற்றுண்டியோ பழமோ வழங்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இறப்புகளுக்குப் பிறகே வாழைப்பழம் நினைவுக்கு வந்தது.

நம் மாணவர் தேர்வுக்குச் செல்லும் முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தென்காசி தனி மாவட்டமான 2019க்குப் பின்னரும் தேர்வு எந்த நகரில் வைக்கப்படுமோ அங்குச் சென்றாக வேண்டும். காலை ஆறு மணிக்கு அழைப்பு என்றால் பெரும்பாலோர் முன்னிரவே பேருந்தேறி, பேருந்து நிலையத்திலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ இரவைக் கழிப்பர். இரவில் கிடைத்ததை உண்பர். அல்லது காசு கருதி உண்ணாதிருப்பர். சான்றிதழ்ச் சரிபார்ப்பு, உயரம், மார்பளவு என்று வரிசை நகர்ந்து ஓட்டம் வரும்போது வெயில் ஏறியிருக்கும். ஆகவே பயணப்பையில் சான்றிதழோடு உணவும் இருத்தல் வேண்டும். முந்தைய இரவு எட்டு மணிக்குள் சோறோ இட்டலியோ வயிறார உண்க. பழகாத உணவு வேண்டா. வைகறையில் இரண்டு இட்டலியும் நீரும் உண்டு வரிசையில் நிற்க. வரிசை நீண்டால் ஒரு வாழைப்பழமோ நான்கு பேரீச்சம்பழமோ இடையில் உண்க. தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாக நீர் அருந்துக. ஆனால் தேர்வு நாளன்றுதான் முதன்முதலாக உண்டு ஓடுவது என்று வைத்துக்கொள்ளலாகாது. வயிற்றுக்கும் பயிற்சி தேவை. மார்பில் வலியோ இறுக்கமோ, ஓடும்போதே மயக்கமோ முன்னர் வந்திருந்தால், உணவை மாற்றிப் பார்ப்பதை விடுத்து மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்வதே முறை.

மாணவியர்க்குத் தனியே ஒரு சொல். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர்கள். அவர்களுக்கு மூச்சிரைப்பும் தலைச்சுற்றலும் பசியால் மட்டும் வருவன அல்ல. காலை உண்டும் தலை சுற்றினால் குருதியைச் சோதித்தல் நலம்.

நோன்பும் பயிற்சியும்

ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் மாணவர் விளையாட்டுப் பயிற்சியை விட்டுவிட வேண்டுமா என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். பகல் முழுதும் நீரும் அருந்தாத நோன்பு ஈண்டுக் கூறிய வெறும் வயிற்றைவிடக் கடுமையானதன்றோ என்று ஐயுறுவோரும் உளர். இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகும். நோன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வைகறைக்கு முன் சஹர் உணவை உண்ணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். கதிரவன் மறைந்ததும் தாமதியாது நோன்பு திறக்குமாறும் பணித்தார்கள். அவ்விரு வேளைகளும் உடலின் களஞ்சியத்தை நிரப்பும் வேளைகளே. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கும் உண்டு. எங்கள் மாணவனின் பசிக்கோ சஹரும் இல்லை, இஃப்தாரும் இல்லை, விலக்கும் இல்லை.

நோன்பாளர் கடும் ஓட்டத்தை நண்பகல் வெயிலில் மேற்கொள்ளலாகாது. நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலேசான பயிற்சியும், திறந்து இரண்டு மணிநேரம் கழித்துக் கடும் பயிற்சியும் செய்யலாம். சஹரைத் தவறவிட்ட நாளில் ஓட வேண்டா. 2021 ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கால்பந்தாட்டத்தில் லெஸ்டர் சிட்டி அணியும் கிரிஸ்டல் பேலஸ் அணியும் மோதியபோது, இரு அணிகளிலும் இருந்த முஸ்லிம் வீரர் நோன்பு திறப்பதற்காக ஆட்டம் சற்றே நிறுத்தப்பட்டது. ஒரு நிமிடந்தான். நடத்துவோர் மனம் வைத்தால் ஒரு நிமிடம் கிடைக்கும்.

நடைக்கு வரும் பெரியோருக்கு

வைகறை நடைக்கு வருவோருள் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர். பலர் நீரிழிவு உடையோர். இரவுணவு உண்டு, மாத்திரை ஏதுமின்றி இருப்போர் வெறும் வயிற்றில் நடப்பதில் பிழையில்லை. இன்சுலின் ஊசி இட்டுக்கொள்வோரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். இவை குருதிச் சர்க்கரையை இறக்கும், நடையும் இறக்கும், இரண்டும் சேர்ந்தால் வழியிலேயே கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறும். நடக்குமுன் சர்க்கரை அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சிறிது உண்டபின் நடக்க. 70க்குக் கீழ் இறங்கினால் நடையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க. மாத்திரையை முதலில் விழுங்கி, நடந்து வந்த பின் பசியாறலாம் என்று எண்ணுவோரே பெரிதும் இடருறுகின்றனர். உணவுக்குப் பின் கால்மணி நேரம் நடப்பதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்பதால் வைகறை நடை ஒன்றே வழி என்பதுமில்லை. சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கென்று சொல்லிக்கொள்ளலாம்.

பசித்த பிள்ளை கற்க இயலாது என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்த நாடு. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு தந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளி மதிய உணவு விரிவடைந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. காலையுணவு வரக் காலம் பிடித்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த திட்டம் முதலில் 1,545 பள்ளிகளின் 1.14 இலட்சம் குழந்தைகளுக்கு எட்டியது. 2023இல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. ஐந்தாம் வகுப்பைக் கடந்தவர்க்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. பத்தொன்பது வயதில் தறிக்கூடத்திலிருந்து நள்ளிரவில் திரும்பி ஐந்து மணிக்கு ஓடுகிறவனுக்குப் பசியாற்றும் பொறுப்பு யாருடையது என்பது எங்கும் எழுதப்படவில்லை.

எங்கள் அளவில் சிறியதொரு ஏற்பாடு செய்தோம். மயங்கி விழுந்த மாணவனின் வீட்டில் பேசினேன். அவன் தாயார், இரவு அவனுக்கெனச் சோற்றை மூடிவைக்கத் தொடங்கினார். எழுப்பாமல் தானே எடுத்து உண்பான்; மிச்சத்தில் நீரூற்றி வைத்தால் காலையில் நீராகாரம் ஆயிற்று. மயக்கம் பின்னர் வரவில்லை. மைதானத்தை ஒட்டிய விளையாட்டு அறையில் ஆசிரியர் சிலர் பணம் சேர்த்து ஒரு பேரீச்சம்பழ டப்பாவும் தண்ணீர்ப் பானையும் வைத்தோம். ஓட வருபவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார், எத்தனை எடுத்தார் என்று குறிப்பேடு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டா என்று முடிவு செய்தோம். டப்பா பதினைந்து நாளுக்கொருமுறை தீர்கிறது.